வழி எழுதிய கொப்பி

வீட்டுக்கார அம்மா எங்களைப் பற்றி எழுதுகிறார் என்பதை நான் கண்டது மூன்றாவது தடவை அங்கே போனபோது. குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று நூலில் தொங்கியது. நாங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டியதும் அவர் அதைக் கையில் எடுத்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஏதோ எழுதினார். முன்சில்லில் காற்றுக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க நான் குனிந்திருந்தேன். இல்லாவிட்டால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆஸ்திரேலியாவில், பரமட்டாவில் இருந்த அக்காவைப் பார்க்க வந்தவன், அத்தான் சொன்னபடி இங்கேயே இருந்துவிட அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, மெல்பேணின் மேற்குப் பக்கத்தில் றப்பர் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். கையில் இருந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிகக் கடிதம். விண்ணப்பத்தை மறுத்தால் ஊருக்குத் திரும்பிப் போகவேண்டும். போனால் எனக்கு அங்கே வேலை இல்லை, எஸ்.எஸ்.சி.யோடு படிப்பை விட்டவனுக்கு யார் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? ஆகவே இந்த நாட்டில் யாராவது பேனையை எடுத்து என்னைப் பற்றி ஒரு வரி எழுதினால்கூட, அது எந்த மேசைக்குப் போகும் என்று யோசிப்பேன்.

என்னோடு வந்தவர் மலேசியத் தமிழர். அதே தொழிற்சாலை, ஃபுட்ஸ்கிறேயில் ஒரே வாடகை வீடு, பக்கத்து அறை. என்னைவிட ஆறேழு வயது குறைவு. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசுவார். சைக்கிள் பைத்தியம் அவருடையதுதான். நீண்ட வார இறுதி வந்தால் இரண்டு பழைய மூன்று கியர்ச் சைக்கிளையும் கார்டு பெட்டியில் ஏற்றி வங்கரட்டாவுக்கு ரயிலில் போவோம். அங்கிருந்து ஆற்றோடு தெற்கே ஒரு நாளின் பெரும்பகுதி மிதித்தால் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கிவரும். அந்தப் பள்ளத்தாக்கில் இத்தாலியக் குடும்பங்கள் புகையிலை போட்டிருந்தார்கள். புகையிலைக்கு நடுவே, வீட்டுக்கு வைன் வடிக்கவென்று நாலைந்து வரிசை திராட்சை. சிலர் அப்போதுதான் புகையிலையைக் குறைத்துத் திராட்சையைக் கூட்டத் தொடங்கியிருந்தார்கள்.

எங்களோடு வேலை செய்த இத்தாலியர் ஒருவரின் பெரியம்மா அங்கே தனியாகத் தோட்டம் வைத்திருந்தார். அறுபது வயதிருக்கும், புருஷன் இறந்துவிட்டார். புகையிலை பறிக்க வருபவர்கள் தங்கும் தகரக் குடில் மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும்; அதில் தங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த வீட்டுக்கார அம்மாவை நாங்கள் மிஸிஸ் என்று மட்டும் கூப்பிடுவோம்.

பள்ளத்தாக்கில் தார் ரோட்டு ஒன்றே ஒன்று. மிச்சம் எல்லாம் கிறவல். ஆற்றங்கரை ரோட்டு சுலபமானது. உருண்டைக் கல், இரண்டு பக்கமும் திராட்சை, கடைசியில் ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஒரு தாழ்ந்த கடவை. புகையிலை உலர்த்தும் உயரமான சூளைகளுக்குப் பின்னால் போகும் ரோட்டு கூரைத் தகரம்போல் வரிவரியாக இருக்கும். அதில் ஓடினால் பல்லெல்லாம் ஆடும். மூன்றாவது, மலைமுதுகு ரோட்டு. யூக்கலிப்டஸ் காட்டுக்குள்ளால் ஏறி, உச்சியில் தெற்கே பனி மலைகளைக் காட்டி, மற்றப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும். மேலே நின்று பார்த்தால் திராட்சை வரிசைகள் சீப்பால் வாரியதுபோல் தெரியும். இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு மஞ்சள். எனக்குப் பிடித்தது அந்த ரோட்டுத்தான். யாரும் எதிரே வரமாட்டார்கள்.

ஆனால் புறப்படும்போதெல்லாம் மிஸிஸ் வாசலில் வந்து நிற்பார். எந்த ரோட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்பார்.

எங்கள் ஆட்களுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிக்கிட்டவனை வாசலில் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்பது நல்லதல்ல. கேட்டுவிட்டால் திரும்பி உள்ளே வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவோம். மலேசியாக்காரர் வீட்டிலும் அதே பழக்கம். ஆகவே முதல் தடவை அவர் கேட்டதும் நாங்கள் இருவரும் சைக்கிளைச் சாத்திவிட்டுக் குடிலுக்குள் போனோம். ஐந்து நிமிடம் இருந்து தண்ணீர் குடித்தோம். வெளியே வந்தோம். அவர் அதே இடத்தில் நின்றார், மறுபடியும் கேட்டார். மறுபடியும் உள்ளே போனோம். மூன்றாவது தடவை வெளியே வந்தபோது அவர் கண்ணை இடுக்கி எங்களைப் பார்த்த பார்வையில், சந்தேகம் எங்கள் பக்கத்தில் மட்டும் இல்லை என்று தெரிந்தது. மலேசியாக்காரர்தான் தோற்றுப்போய், "ஆற்றங்கரை, மூன்று மணி" என்று சொன்னார்.

கொப்பியைக் கண்ட அன்றைக்கு, ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது நான் அவரிடம் சொன்னேன்.

"எங்களை எழுதி வைக்கிறா."

"கோழி முட்டை எழுதுற புக்கா இருக்கும் அண்ணே."

"முட்டைக்கு ஏன் மணிக்கூட்டைப் பாக்கிறா?"

"ஆஸ்திரேலியாக் கோழி லா. ஷிஃப்ட்ல முட்டை போடும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை போனபோது, போத்தலில் தண்ணீர் நிரப்பும் சாட்டில் குசினிக்குள் போய்க் கொப்பியைத் திறந்து பார்த்தேன். இத்தாலிய மொழி. ஆனால் இலக்கங்கள் எல்லோருக்கும் பொதுவானவைதானே. திகதி, புறப்பட்ட நேரம், இரண்டு சிறிய வட்டங்களைக் கோட்டால் இணைத்த சைக்கிள் படம் இரண்டு, ரோட்டின் பெயர், திரும்பிய நேரம், ஒரு சரி அடையாளம். நாங்கள் வந்துபோன ஒவ்வொரு நாளும் இருந்தது. மற்ற வரிகளில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தன் வரியைத் தேடுகிறவன் கண்ணுக்கு மற்ற வரிகள் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே அந்தச் சந்தேகத்துக்குள் பொருந்தி வந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வைத்து, கலியாணம் ஆகிவிட்டதா, அனுமதிக் கடிதம் எப்போது வரும், வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். இதெல்லாம் இவருக்கு எதற்கு? பக்கத்துத் தோட்டக்காரர் ட்ராக்டரை நிறுத்திக் கைகாட்டினால், ஏன் நிறுத்தினார் என்று யோசித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை ஊர்ப் பொலிஸ்காரரின் கார் வந்து நின்றது. மிஸிஸ் அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர் நின்றபடியே ஆணியில் இருந்த கொப்பியை எடுத்துப் புரட்டினார். தலையை ஆட்டினார். திரும்ப மாட்டினார். நான் குடிலின் பின்பக்கம் நின்று தகர இடுக்கால் இதைப் பார்த்தேன். அவர் போகும்வரைக்கும் வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து நான் பொய் சொல்லத் தொடங்கினேன். மலைமுதுகுக்குப் போகும் நாளில் ஆற்றங்கரை என்பேன். ஆற்றங்கரைக்குப் போகும் நாளில் சூளை ரோட்டு. மலேசியாக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"எந்த ரோட்டுல போனா என்ன அண்ணே? மலையைத் திருடிக்கிட்டா போறோம்?"

"உமக்கு நிரந்தரக் கடிதம் வந்திட்டுது. நீர் கதைப்பீர்."

அவர் சைக்கிளில் ஏறி முன்னால் போய்விட்டார்.

இதற்கிடையில் பெரிய சங்கடம் ஒன்று வந்தது. என் விண்ணப்பத்துக்கு, உறவினர் அல்லாத, ஒரு வருடமாவது என்னை அறிந்த இரண்டு பேரின் கடிதம் கேட்டிருந்தார்கள். ஒன்று தொழிற்சாலை மேற்பார்வையாளர் தந்துவிட்டார். இரண்டாவதற்கு ஆள் இல்லை. நான் கூச்சக்காரன். இந்த நாட்டில் ஒரு வருடத்தில் பழகியவர்களை எண்ண ஒரு கையின் விரல்கள்கூடத் தேவைப்படவில்லை. மிஸிஸிடம் கேள் என்று மலேசியாக்காரர் நச்சரித்தார். கொப்பியில் என்னைப் பற்றி எழுதிப் பொலிசுக்குக் காட்டுகிறவரிடம் போய் நற்சான்று கேட்பதா? ஏப்ரலில் போனபோது, கேட்பதற்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். மே மாத நடுவில் நேர்முகம். கேட்கவேண்டும் என்றுதான் நற்சான்றுப் படிவத்தைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு நாளும் அது பையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் காலையும் அவர் வாசலில் வந்து கேட்டார். ஆற்றங்கரை, மூன்று மணி என்றேன். மலைமுதுகுக்குப் போனோம்.

முந்தின நாள் நாங்கள் உண்மையிலேயே ஆற்றங்கரைக்குப் போய், கடவையில் சைக்கிள்களைத் தண்ணீருக்குள் இறக்கிக் கழுவியிருந்தோம். அதை இங்கே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

மலையின் மற்றப் பக்க இறக்கத்தில் அந்த வாரம்தான் புதுக் கிறவல் கொட்டிப் பரவியிருந்தார்கள். அழுத்தப்படாத கல். மேலிருந்து அது தெரியவில்லை. மலேசியாக்காரர் எனக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தார் என்று நினைக்கிறேன். பாட்டு நின்றது, கல் உருளும் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தார். முன்சில்லு வளைந்துபோயிருந்தது. வலது தோள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. காறை எலும்பு தோலுக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது.

"தொடாத அண்ணே. தொட்டா அடிச்சிருவேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தக் கையால அடிக்கிறதுன்னுதான் தெரியல," என்றார்.

என் சட்டையைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு கட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். முகம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. காலை நிமிர்த்த முடியவில்லை என்றார். அந்த ரோட்டில் யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம் என்று முன்னரே சொன்னேன். ஒரு மணி நேரம் இருந்து பார்த்தோம். உண்மையிலேயே யாரும் வரவில்லை.

"மூணு மணி தாண்டிருச்சு. அந்தம்மா தேடுவாங்க."

"தேடுவா," என்றேன். "ஆத்தங்கரையிலை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

என் மேற்சட்டையையும் அவர்மேல் போட்டுவிட்டு நான் புறப்பட்டேன். இறங்கி வந்ததைத் திரும்ப ஏறுவதா, இறங்கிச் சுற்றிப் போவதா என்று யோசித்து, இறங்கினேன். வழியில் இருந்த முதல் தோட்ட வீட்டில் ஆள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நாய் மட்டும் நின்றது. எல்லோரும் எங்கே போய்விட்டார்கள் என்று அப்போதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவர்கள் எல்லோரும் ஆற்றுக் கடவையில் நின்றார்கள். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது, வெளிச்சம் இன்னும் இருந்தது. மூன்று லொறி, ஒரு ட்ராக்டர், பொலிஸ் கார். ட்ராக்டர்காரரும் இன்னொருவரும் இடுப்பில் கயிறு கட்டி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, நீண்ட கம்பால் வில்லோ மரத்தின் வேருக்குக் கீழே குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர். ஒருவரின் உதடு நீலமாக இருந்தது. கரைச் சேற்றில் இரண்டு சைக்கிள் தடம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. வெளியே வந்த தடம் கல்லின்மேல் போயிருந்ததால் தெரியவில்லை. முந்தின நாள் நாங்கள் கழுவிய தடம்.

மிஸிஸ் கரையில் கொப்பியோடு நின்றார். என்னைக் கண்டதும் எல்லோரும் திரும்பினார்கள். தண்ணீருக்குள் நின்றவர்கள் கம்பை விட்டார்கள். இன்றைக்கு நாங்கள் இங்கே வரவே இல்லை என்று சொல்ல எந்த ஆங்கிலம் போதும்?

அவர் கிட்ட வந்து எப்போதும்போல் கேட்டார். அதே தொனி.

"எந்த ரோட்டு?"

சொன்னேன். மலைமுதுகு, உச்சி தாண்டி இறக்கம், புதுக் கிறவல், இரண்டாவது வளைவு, இடது பக்கக் கான். ஆள் உயிரோடு இருக்கிறார், தோள் உடைந்திருக்கிறது. அவர் அதை எழுதினார், அந்தத் தாளைக் கிழித்துப் பொலிஸ்காரரிடம் கொடுத்தார். ஒரு லொறியும் காரும் உடனே போயின. தண்ணீரில் நின்றவர்கள் கரையேறி, போர்வையைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வெளிச்சம் போகுமுன் மலேசியாக்காரரைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். நான் தனியாகக் குடிலுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை மிஸிஸ் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். கொப்பியையும் பென்சிலையும் முன்னால் வைத்தார். எது எது பொய் என்று காட்டச் சொன்னார். நான் ஒவ்வொரு வரியாகப் போய்ப் புள்ளடி போட்டேன். நான்கு. அப்போதுதான் மற்ற வரிகளைப் பார்த்தேன். ட்ராக்டர் படம், குதிரைப் படம், வேட்டைத் துவக்குப் படம், மூன்று பெரிய ஆட்களும் ஒரு சின்ன ஆளும். காட்டுக்கும் மலைக்கும் போன அயலவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பொலிஸ்காரர்கூட இருந்தார், மீன் படத்தோடு.

தான் பிறந்த இடமும் மலைதான் என்றார். அங்கே வழி சொல்லாமல் யாரும் வீட்டைவிட்டுப் போவதில்லை. கேட்காமல் விடுபவர்தான் கெட்டவர். யாராவது நேரத்துக்கு வராவிட்டால் ஆட்கள் இதை நம்பித்தான் ஏறுவார்கள், ஆகவே இதில் பொய் இருக்கக்கூடாது என்றார். பிறகு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுபவனிடம் கேட்பது சரியில்லை என்று சொன்னேன். தண்ணீர் குடித்த கதையையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது ஒன்றுதானா என்று கேட்டார். எனக்கு அதற்குமேல் மறைக்கத் தெரியவில்லை. நீங்கள் பொலிசுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

அவர் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"யுத்தக் காலத்தில் என் புருஷனைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்," என்றார். "இத்தாலியன் என்று யாரோ எழுதிக் கொடுத்தது. யார் என்று இன்றைக்கும் தெரியாது. ஒருவேளை நேற்று உனக்காகத் தண்ணீரில் இறங்கியவனின் அப்பனாக இருக்கலாம். நான் யாரையும் அப்படி எழுதமாட்டேன்."

படிவத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறக்க முகம் இருக்கவில்லை. ஆனால் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன மிஸிஸிடம் மலேசியாக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பின்னேரம் மிஸிஸ் வந்து கையை நீட்டினார். படிவத்தைக் கொடுத்தேன். காலையில் திருப்பித் தந்தார், ஒட்டாத உறையில்.

ரயிலில் வாசித்தேன். நல்ல ஆங்கிலம் இல்லை, எனக்கு விளங்கும் ஆங்கிலம். இவர் என் குடிலில் ஏழு தடவை தங்கினார், குடிப்பதில்லை, இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பார். நான்கு முறை எனக்குப் பொய்யான வழி சொன்னார், அதனால் என் அயலவர்கள் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினார்கள். கடைசியில் உண்மையான வழியைச் சொன்னார், சிநேகிதரை விட்டு ஓடவில்லை. அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

நாலைந்து தடவை வாசித்தேன். இது பழிவாங்கலா, உதவியா? ஒட்டாமல் தந்ததன் அர்த்தம், விரும்பினால் கிழித்துப் போடு என்பதா? தோளில் கட்டோடு எதிரே இருந்த மலேசியாக்காரர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"குடுக்காத அண்ணே. வேற யாரையாவது கேப்போம்."

"வேறை ஆர் இருக்கினம்?"

அவர் யோசித்தார். "பல் டாக்டர்?" என்றார்.

மே மாதம் நேர்முகத்தில் அதிகாரி மேற்பார்வையாளரின் கடிதத்தை ஒரு பார்வையோடு தள்ளி வைத்தார். மற்றதை வாசிக்கும்போது பேனை நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். இதை நீ வாசித்தாயா என்று கேட்டார். வாசித்தேன் என்றேன். வாசித்துவிட்டுமா கொண்டுவந்தாய் என்றார். எனக்கு இதைத் தவிர வேறு கடிதம் இல்லை என்றேன். அவர் ஓரத்தில் ஏதோ குறித்தார். தலைகீழாக இருந்ததால் என்னால் வாசிக்க முடியவில்லை. அதன் பிறகு வந்த வாரங்களில் அந்தக் குறிப்பு என்னவாக இருக்கும் என்று நூறு விதமாக நினைத்துப் பார்த்தேன்.

ஜூலை முடிவில் நிரந்தர அனுமதி வந்தது. போய்ச் சொல்வோம் என்று மலேசியாக்காரர் அவசரப்படுத்தினார். நான் மழை என்றேன், குளிர் என்றேன். கடைசியில் ஓகஸ்டில் போனோம்.

மிஸிஸ் திராட்சைக்குள் நின்றார். கொடிகளை வெட்டிவிட்டு, மிஞ்சிய தண்டுகளைக் கம்பியோடு வளைத்து வில்லோக் குச்சியால் கட்டிக்கொண்டிருந்தார். நான் செய்தியைச் சொன்னேன். நல்லது என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு இடுப்பில் செருகியிருந்த குச்சிக் கட்டில் பாதியை உருவி என் கையில் தந்து, அடுத்த வரிசையைக் காட்டினார். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நுனியை உள்ளே செருகு என்று ஒரு கொடியில் செய்து காட்டினார். மலேசியாக்காரருக்கு இன்னும் தோள் சரியில்லை, அவர் குச்சி எடுத்துத் தந்தார். சாப்பாட்டு நேரம் வரை கட்டினோம். விரல் விறைத்தது. ட்ராக்டர்காரர் ரோட்டால் போகும்போது நிறுத்தி, நான் கட்டியதைப் பார்த்துவிட்டுப் போனார்.

என்னை மன்னித்ததால் அந்த வேலையைத் தந்தாரா, அல்லது அந்த வருடம் ஆள் குறைவாக இருந்ததாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.